திரையில் ‘டன்’ என்று வந்தால் வேலை முடிந்துவிட்டதா? பின்னணியில் ஓடும் வேலைகள் சொல்லும் பாதி உண்மை

திரையில் ‘டன்’ என்று வந்தது. நானும் நம்பினேன். 15 ஒலிப்பதிவுகள் போய்விட்டன.

நடந்தது இதுதான். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து ஒரு தொடர் செய்யலாம் என்று கொடிக்கால் விவசாயிகளிடம் பேட்டி எடுத்திருந்தேன். மொத்தம் 43 ஒலிக்கோப்புகள். சமயநல்லூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, லேப்டாப்பின் கமாண்ட் லைனில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். ரெக்கார்டரின் மெமரி கார்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் சுருக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் போட வேண்டும். கூடவே, என்ன நடக்கிறது என்பதை லேப்டாப்பில் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே வர வேண்டும். வேலை பின்னணியில் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, நான் வேறொரு செய்தியை எழுத ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என்டரைத் தட்டினால், ‘டன்’. சூப்பர். மறுநாள் அழகர் ஆத்துல இறங்குறதைப் பதிவு செய்ய ரெக்கார்டர் வேண்டும். கார்டை ஃபார்மட் பண்ணிட்டுக் கிளம்பிட்டேன்.

ஹார்ட் டிஸ்கில் இருந்தது 28 கோப்புகள்தான். 29-வது கோப்பில் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட்டது. லாக் ஃபைலின் கடைசி வரியில் ‘இடமில்லை’ என்று தெளிவாக எழுதியும் இருந்தது. நான் திறந்து பார்க்கவே இல்லை. போன 15-ல், கொடிக்காலிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு தாத்தாவின் பேட்டியும் ஒன்று. இரண்டு மாதம் கழித்து அவர் இறந்துவிட்டார். அவருடைய பேரன் போன் பண்ணி, “அண்ணே சொன்னாங்க, நீங்க தாத்தா பேசினதை ரெக்கார்ட் பண்ணீங்கன்னு. அந்த வாய்ஸ் கிடைக்குமாக்கா?” என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

தப்பு யாருடையது? கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இது என் ஒருத்தியின் பிரச்சினை இல்லை என்று தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன். டேட்டா எடுப்பவர்கள், வெப்சைட் பார்த்துக்கொள்பவர்கள், வீடியோ ரெண்டர் போடுபவர்கள், பேக்கப் எடுப்பவர்கள் என எல்லாருமே தினமும் ஏதோ ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, அது முடிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பின்னணி வேலை என்றால் என்ன?

கமாண்ட் லைனில் நீங்கள் டைப் செய்வதை வாங்கி, இயக்குதளத்திடம் சொல்லி வேலை வாங்கும் புரோகிராமுக்குப் பெயர் ஷெல். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ், மேக்கில் 2019-லிருந்து இசட் ஷெல். பாஷ் 1989-ல் வந்தது. ஒரே திரையில் பல வேலைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் ‘ஜாப் கன்ட்ரோல்’ வசதி அதற்கும் முன்பே, 1980 வாக்கில் பெர்க்லி யூனிக்ஸின் சி ஷெல்லில் வந்துவிட்டது. அதாவது, இதை எழுதும் என்னைவிட வயதில் மூத்தது.

சாதாரணமாக ஒரு கட்டளையைக் கொடுத்தால், அது முடியும்வரை ஷெல் காத்திருக்கும். கட்டளையின் கடைசியில் & என்ற குறியைப் போட்டால் காத்திருக்காது. வேலையைப் பின்னால் தள்ளிவிட்டு, “அடுத்து என்ன?” என்று உங்களிடம் வந்து நிற்கும். அப்போது இரண்டு எண்களைத் தரும். சதுர அடைப்புக்குள் இருப்பது அந்த ஷெல்லுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஜாப் எண். பக்கத்தில் இருக்கும் பெரிய எண், கணினி முழுக்க அந்த வேலையை அடையாளம் காட்டும் பிராசஸ் எண்.

ஓட்டலில் ஆர்டர் சொன்னதும் கையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி அது. டோக்கன் கையில் இருக்கிறது என்பதற்காக பரோட்டா வெந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நினைக்கிறோம்.

(இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான்.)

மூன்று கேள்விகள், ஒரே பதில்

ஒரு பின்னணி வேலையைப் பற்றிக் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்.

ஒன்று: ஓட ஆரம்பித்ததா?
இரண்டு: ஓட்டம் நின்றுவிட்டதா?
மூன்று: செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நின்றதா?

நம்மில் பலர் முதல் கேள்விக்கான பதிலை வாங்கிக்கொண்டு, மூன்றாவதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஷெல்லில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. எந்தக் கட்டளை முடிந்தாலும் அது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அதற்கு எக்சிட் கோடு என்று பெயர். 0 என்றால் எல்லாம் சரி, வேறு எது வந்தாலும் ஏதோ கோளாறு. அந்த எண்ணைப் பார்க்க $? என்று கேட்க வேண்டும்.

ஆனால் & போட்டு ஒரு வேலையை அனுப்பிவிட்டு, உடனே $? கேட்டுப் பாருங்கள். 0 வரும். வேலை அடுத்த நொடியே செத்தாலும் 0-தான். ஏனென்றால், “பின்னால் அனுப்பியாச்சா?” என்ற கேள்விக்கான பதில் அது. “வேலை நடந்துச்சா?” என்று நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

நிஜமான பதில் வேண்டுமானால், வேலையை அனுப்பிய கையோடு $! என்பதில் கிடைக்கும் பிராசஸ் எண்ணை ஒரு பெயரில் சேமித்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த எண்ணைக் கொடுத்து ‘வெயிட்’ கட்டளையைக் கூப்பிட வேண்டும். வேலை முடியும்வரை காத்திருந்து, அதன் எக்சிட் கோடைக் கையில் கொடுக்கும். எண் எதுவும் தராமல் வெறுமனே ‘வெயிட்’ என்று போட்டால், எல்லா வேலைகளும் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு 0 என்று சொல்லும். பத்து வேலைகளில் ஒன்பது கவிழ்ந்திருந்தாலும் 0-தான். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் எத்தனை ஓடிக்கொண்டிருக்குமோ!

எங்கெங்கே ஏமாறுகிறோம்?

*பைப் பொறி.* நான் விழுந்த குழி இதுதான். ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்ப நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடுவோம். அதுதான் பைப். லாக் எழுதுவதற்காக என் ஸ்கிரிப்டை ‘டீ’ என்ற கட்டளையோடு பைப்பில் இணைத்திருந்தேன். பைப்பில் எத்தனை கட்டளைகள் இருந்தாலும், கடைசியில் இருப்பதன் முடிவைத்தான் ஷெல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் 29-வது கோப்பில் தோற்றது. அந்தத் தோல்விச் செய்தியை லாக்கில் பத்திரமாக எழுதிவைத்த ‘டீ’, தன் வேலையைச் சரியாக முடித்தது. எனவே ‘டன்’. விபத்து நடந்ததைப் பிழையில்லாமல் எழுதிய ரைட்டருக்குப் பாராட்டு, விபத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்பது போல.

மருந்து எளிமையானது. பின்னணி வேலைக்கு ‘டீ’ வேண்டாம். வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் நேராக ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் போதும். அப்படிச் செய்திருந்தால் ‘டன்’ வந்த இடத்தில் ‘எக்சிட் 1’ என்று வந்திருக்கும். பைப் இல்லாமல் முடியாது என்றால், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ‘பைப்ஃபெயில்’ என்ற விருப்பத்தைச் செட் செய்துகொள்ளுங்கள். நடுவில் எது தோற்றாலும் அந்தத் தொடரே தோற்றதாக எக்சிட் கோடு சொல்லும்.

*காணாமல் போகும் பட்டியல்.* ‘ஜாப்ஸ்’ என்று கேட்டால் பின்னணி வேலைகளின் பட்டியல் வரும். ஆனால் அது அந்த ஒரு ஷெல்லில் தொடங்கிய வேலைகளை மட்டுமே காட்டும். இன்னொரு விண்டோவைத் திறந்து கேட்டால் ஒன்றுமே வராது. உடனே “ஐயோ, நின்னுபோச்சு” என்று நினைத்து, அதே வேலையை இன்னொரு முறை ஓடவிடுவோம். இரண்டும் ஒரே கோப்பில் எழுத ஆரம்பிக்கும். அதன் பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு விண்டோவிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ‘பிஎஸ்’ கட்டளையில் பிராசஸ் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். இதே காரணத்தால், வேறு விண்டோவிலிருந்து அந்த எண்ணுக்கு ‘வெயிட்’ போட்டாலும் “இது என் பிள்ளை இல்லை” என்று ஷெல் கைவிரித்துவிடும். 127 என்ற கோடுதான் கிடைக்கும்.

இன்னொன்று: ‘டன்’ என்பதை ஷெல் ஒரு முறைதான் சொல்லும். அதுவும் பொதுவாக நீங்கள் அடுத்து என்டர் தட்டும்போதுதான். அதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த தடவை ‘ஜாப்ஸ்’ பட்டியலில் அந்த வேலையே இருக்காது. பட்டியலில் இல்லை என்பதை வெற்றி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

*மௌனமாக நிற்கும் வேலை.* பட்டியலில் சில சமயம் ‘ஸ்டாப்டு’ என்று வரும், பக்கத்தில் ‘டிடிஒய் இன்புட்’ என்று இருக்கும். பின்னணியில் போன வேலை உங்களிடம் ஏதோ கேட்க நினைக்கிறது என்று அர்த்தம். “பழைய கோப்பு இருக்கு, மேலெழுதவா?” என்றோ, பாஸ்வேர்டு என்னவென்றோ கேட்க நினைத்திருக்கலாம். பின்னணியில் இருப்பவருக்குக் கீபோர்டு கிடையாது. அதனால் இயக்குதளம் அதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். சாகவும் இல்லை, ஓடவும் இல்லை. ராத்திரி போட்ட வேலை காலையில் முதல் படியிலேயே நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ‘எஃப்ஜி’ கொடுத்து முன்னால் கொண்டுவந்தால் கேள்வி தெரியும். பதில் சொல்லிவிட்டுத் திரும்பப் பின்னால் அனுப்பலாம். கேள்வியே கேட்காதபடி முன்கூட்டியே விருப்பங்களைக் கொடுத்து அனுப்புவது இன்னும் நல்லது.

*போன் கட் ஆனால்.* எங்கள் ஊரில் 106 மெகாவாட் மின்நிலையம் அமைந்தது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்களுக்கும் உண்டு. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், வைஃபை ரவுட்டருக்கு இருக்காது. தொலைவில் இருக்கும் சர்வரில் உள்நுழைந்து ஒரு வேலையை ஓடவிட்டிருப்போம், இணைப்பு அறுந்துவிடும். சர்வரில் கரன்ட் இருக்கிறதே, வேலை ஓடத்தானே செய்யும் என்று நினைப்போம். பெரும்பாலும் ஓடாது.

காரணம் பழைய காலத்துப் பழக்கம். அந்த நாளில் டெலிபோன் லைன் வழியாகத்தான் கணினியோடு பேசினார்கள். லைன் கட் ஆனால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அவர் தொடங்கிய வேலைகளுக்கெல்லாம் ‘ஹேங்கப்’ என்ற சிக்னல் போகும், அவை நின்றுவிடும். இன்றைக்கு ஃபைபரில் வந்தாலும் அந்த சிக்னலின் பெயரும் குணமும் மாறவில்லை. இதற்குத்தான் 1970-களிலிருந்தே ‘நோஹப்’ இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டால், ஹேங்கப்பைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். ஏற்கெனவே ஓடவிட்டுவிட்டோம் என்றால் ‘டிஸ்ஓன்’. நீண்ட வேலை என்றால் ‘டீமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’. இவை சர்வரிலேயே ஒரு திரையைத் திறந்துவைத்திருக்கும். கரன்ட் வந்ததும் உள்ளே போய், விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். எனக்குக் கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் நேராக ‘டீமக்ஸ்’ பக்கம் போய்விடலாம்.

*வெறுமையான லாக்.* வேலை ஓடுகிறது, ஆனால் லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை. மாட்டிக்கொண்டுவிட்டதோ என்று பயந்து நாமே கொன்றுவிடுவோம். பைத்தான் போன்றவை திரைக்கு எழுதும்போது வரி வரியாக எழுதும். கோப்புக்கு எழுதும்போது மட்டும் கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டும். பைத்தானில் அந்தச் சேமிப்பை நிறுத்த ‘யு’ என்று ஒரு விருப்பம் உண்டு. அதைப் போட்டுவிட்டால் லாக் உடனுக்குடன் வரும்.

எண்கள் பேசும் மொழி

வேலை செத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, எப்படிச் செத்தது என்று எக்சிட் கோடே சொல்லும். 127 என்றால் அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை, பெயரில் பிழை இருக்கலாம். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. 128-க்கு மேல் இருந்தால், 128-ஐக் கழித்துப் பாருங்கள், மிச்சம் வருவது கொன்ற சிக்னலின் எண். 129 என்றால் சிக்னல் 1, அதாவது ஹேங்கப், இணைப்பு அறுந்திருக்கலாம். 130 என்றால் யாரோ கன்ட்ரோல் சி அடித்திருக்கிறார்கள். 143 என்றால் “நிறுத்திக்கோ” என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்தியது. 137 என்றால் 9-ம் எண் சிக்னல், மறுபேச்சில்லாமல் கொன்றது. நீங்கள் யாரும் கொல்லவில்லை என்றால், மெமரி போதாமல் லினக்ஸே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

“இதெல்லாம் பழைய காலத்து விஷயம், இப்ப எல்லாம் கிளவுடு, ஏஐ தானே” என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கிளவுடில் கன்டெய்னர் விழுந்தால் அதன் டேஷ்போர்டில் வருவதும் இதே 137-தான். நீங்கள் எழுதும் கோடைச் சோதித்து வெளியிடும் தானியங்கி அமைப்புகள், பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று முடிவுசெய்வதும் இதே எக்சிட் கோடை வைத்துத்தான். உங்களுக்காகக் கட்டளைகளை ஓட்டும் ஏஐ உதவியாளரும் அடியில் ஒரு ஷெல்லிடம்தான் கேட்கிறது. அடித்தளத்தில் கேள்வி தப்பாக இருந்தால், மேலே எத்தனை அழகான டேஷ்போர்டு கட்டினாலும் அது தப்பான பதிலைத்தான் அழகாகக் காட்டும்.

கிட்லேப் நிறுவனத்துக்கு என்ன ஆனது?

இது என்னைப் போன்ற அரைகுறைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று, அங்கே ஒரு பொறியாளர் தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாவது சர்வர் என்று நினைத்து, முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினாலும், சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

சரி, மனிதத் தவறு. பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று போய்ப் பார்த்தார்கள். பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தினமும் தானாக ஓடும்படி வைத்திருந்த பேக்கப் வேலை, தரவுத்தளத்தின் 9.6 பதிப்புக்குப் பதிலாக 9.2 பதிப்பின் கருவியைக் கூப்பிட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றால் மெயில் வர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. அந்த மெயில்களோ, அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளுக்குள் வராததால் திருப்பி அனுப்பப்பட்டன. தோல்வி நடந்தது, தோல்வி அறிவிப்பும் கிளம்பியது, யார் கைக்கும் வந்து சேரவில்லை.

சம்பவத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். அப்படியும் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் தொடர்பான தரவுகள் போயின. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. முழு அறிக்கையையும் வெளியிட்டது. அதனால்தான் நம்மால் இன்று இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

இதில் எல்லாரும் அழித்தவரைப் பற்றியே பேசுவார்கள். என் பார்வையில் பெரிய தவறு அது இல்லை. “பிழை என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே பிழை இல்லை” என்று ஒரு நிறுவனமே நம்பியிருந்ததுதான் பெரிய தவறு.

அம்மாவும் குக்கர் விசிலும்

எங்கள் வீட்டில் அம்மா குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து பூக் கட்டுவார். அதுவும் ஒரு பின்னணி வேலைதான். மூன்று விசில் என்று ஒரு கணக்கு. பத்து நிமிஷம் ஆகியும் முதல் விசில் வரவில்லை என்றால், “ஏன்டி, விசில் சத்தமே காணோம், போய்ப் பாரு” என்பார். போய்ப் பார்த்தால் கேஸ் தீர்ந்திருக்கும், அல்லது கேஸ்கட் போயிருக்கும். மூன்று விசில் வந்த பிறகும்கூட, திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்காமல் சோற்றை எடுக்க மாட்டார்.

கவனியுங்கள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று குக்கர் கத்த வேண்டும் என அம்மா எதிர்பார்க்கவில்லை. அதால் கத்த முடியாது. வர வேண்டிய சத்தம் வரவில்லை என்பதே அவருக்கு எச்சரிக்கை. கிட்லேப்பிடம் இல்லாமல்போனது இதுதான். அவர்கள் தோல்வி வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்தார்கள்.

எங்கள் ஊர் வழியாக மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகும் ரயில்களின் இன்ஜினிலும் இதே தர்க்கம்தான். ஓட்டுநர் குறிப்பிட்ட நேரத்துக்குள் எந்தக் கட்டுப்பாட்டையும் இயக்கவில்லை என்றால் விளக்கு எரியும், ஒலி எழும். அதற்கும் அசைவில்லை என்றால் பிரேக் தானாகப் பிடிக்கும். “நான் மயங்கிவிட்டேன்” என்று ஓட்டுநர் வந்து சொல்ல முடியாதே!

பின்னணி வேலைகளையும் இப்படித்தான் கட்ட வேண்டும் என்பது என் வாதம். தோற்றால் மெயில் அனுப்பு என்பது போதாது. வெற்றி பெற்றால் ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுப் போ, அந்த அடையாளம் குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் நான் எழுந்து வந்து பார்க்கிறேன் என்று இருக்க வேண்டும்.

பச்சை நிறம் வாங்க இரண்டு பேர் வேண்டும்

இதைத் தமிழில் அழகாகச் செய்துகாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிமூலம். பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் படங்களை எழுத்தாக மாற்றி யாரும் படிக்கும்படி வைக்கும் தன்னார்வலர்களின் தளம். கணியம் தளத்தை நடத்திவரும் த.சீனிவாசன் இதற்காக ஒரு ஸ்கிரிப்டை எழுதினார். பிடிஎஃப் நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வரும் எழுத்தை விக்கிமூலத்தில் ஏற்றும். ஆயிரக்கணக்கான பக்கங்கள். கமாண்ட் லைனில் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, எழுத்து வந்துவிட்டது. ஆனால் விக்கிமூலம் அதை முடிந்ததாகக் கணக்கு வைப்பதில்லை. இயந்திரம் கொடுத்த பக்கம், மெய்ப்புப் பார்க்கப்படாதது என்ற சிவப்பு நிலையில் இருக்கும். ஒருவர் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகு மஞ்சள். வேறொருவர் மறுபடி பார்த்து உறுதிசெய்த பிறகுதான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. ஓடியதா, முடிந்ததா, சரியாக முடிந்ததா என்ற மூன்று கேள்விகளும் அங்கே நிறங்களாகவே இருக்கின்றன. ‘டன்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பதில்லை.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்?

என் லேப்டாப்பில் ஒட்டிவைத்திருக்கும் பட்டியல் இது. பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

1. வேலையை அனுப்பியதும் பிராசஸ் எண்ணைக் குறித்துக்கொள். ஜாப் எண் அந்த விண்டோவோடு போய்விடும்.

2. வெளியீடும் பிழையும் ஒரே லாக் ஃபைலுக்குப் போகட்டும். கடைசிப் பத்து வரிகளைப் படிக்காமல் எழுந்து போகாதே.

3. வேலை முடிந்ததும் எக்சிட் கோடைத் தனியாக ஒரு கோப்பில் எழுதவை. விண்டோ மூடினாலும், ஷெல் மறந்தாலும், அந்தக் கோப்பு மறக்காது. கோப்பே இல்லை என்றால் வேலை இன்னும் ஓடுகிறது அல்லது நடுவழியில் செத்துவிட்டது. இரண்டில் எது என்பதை ‘பிஎஸ்’ சொல்லும்.

4. பிராசஸ் உயிரோடு இருப்பதால் மட்டும் வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. லாக்கோ வெளியீட்டுக் கோப்போ கடைசியாக எப்போது மாறியது என்று பார். ஒரு மணி நேரமாக அசையவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

5. அரை மணிக்கு மேல் ஓடும் வேலையை ‘டீமக்ஸ்’ உள்ளேதான் ஓடவிட வேண்டும்.

6. தானாக ஓடும் தினசரி வேலைகளுக்கு, வெற்றியின் அடையாளத்தைத் தேடும் இன்னொரு சின்ன வேலையை வை. “இன்றைய தேதியில் பேக்கப் கோப்பு இருக்கா? நேற்றைவிட ரொம்பச் சின்னதா இருக்கா?” இந்த இரண்டு கேள்விகள் போதும்.

7. எண்ணிப் பார். 43 உள்ளே போனால் 43 வெளியே வர வேண்டும். எக்சிட் கோடு 0 என்றாலும் எண்ணு. அதில் ஒன்றைத் திறந்து கேள்.

8. மேலே உள்ள ஏழும் முடியும்வரை மூலத்தை அழிக்காதே.

ஏழாவதும் எட்டாவதும் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே நம் வீடுகளில் இருக்கும் புத்திதான். கல்யாண வீட்டில் பாத்திரங்களை வாடகைக்கு எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது எண்ணித்தான் கொடுப்போம். லாரி வந்துடுச்சு என்பதற்காக எண்ணாமல் ஏற்ற மாட்டோம்.

ஆபீஸிலும் இதே ‘டன்’தான்

இதை டெக்னிக்கல் விஷயமாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. காலை மீட்டிங்கில் “அது என்னாச்சு?” என்று கேட்டால், “போட்டுட்டேன் அண்ணே” என்கிறோம். மெயில் போட்டுட்டேன், ஸ்கிரிப்ட் போட்டுட்டேன், டிக்கெட் போட்டுட்டேன். எல்லாமே & போட்டுப் பின்னால் தள்ளிய வேலைகள். போட்டதற்கும் முடிந்ததற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. வேகமாகச் செய்பவர் என்று பெயர் எடுக்க இது உதவும். ஆனால் எங்கேயோ ஒரு 29-வது கோப்பு நின்றுகொண்டிருக்கும்.

வேகத்துக்கு எதிராகப் பேசவில்லை. வேலையைப் பின்னணியில் ஓடவிடுவது நல்ல பழக்கம், அதனால்தான் நம்மால் இத்தனை வேலை செய்ய முடிகிறது. ஒன்றைப் பின்னால் அனுப்பும்போது, அதைத் திரும்பிப் பார்க்கும் பொறுப்பையும் சேர்த்துப் பின்னால் அனுப்பிவிடுகிறோம் பாருங்கள், அதைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன். எங்கள் டெஸ்கில் இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். “முடிஞ்சது” என்று யார் சொன்னாலும், “பாத்தியா?” என்று அடுத்தவர் கேட்பார். கேட்பதில் கோபம் இல்லை, பதில் சொல்வதிலும் கூச்சம் இல்லை.

அந்தப் பேரனிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பரவால்லக்கா, போட்டோவாச்சும் இருக்கா?” என்றார். இருந்தது. இந்தத் தடவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா, திறக்கிறதா, தாத்தா முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று போன் போட்டுக் கேட்டேன்.